களஞ்சிய வாசலில் இருபத்து மூன்று பேர்

முதியோர் இல்லத்துப் பொது மண்டபத்துக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதுதான் உதவி நிறுவனம் எனக்குத் தந்த வேலை. மூன்று கிழமை அவகாசம், ஒரு கட்டுப் படிவம், ஒரு பை நிறையப் பென்சில். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, தை மாதக் கடைசி. வன்னியில் சண்டை முடியப்போகிறது என்று வானொலி ஒரு நாளைக்கு ஆறு தரம் சொல்லிக்கொண்டிருந்த காலம். மண்டபத்துக்கு ஆள் வராததுதான் ஊரின் பெரிய பிரச்சினை என்று நானும் நம்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

இல்லம் கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் கட்டியது. இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். பதினாலு முஸ்லிம்கள், ஒன்பது தமிழர். எல்லோரும் அந்த ஒரு காலையில் துணையை, பலர் பிள்ளைகளையும் சேர்த்து, கடலுக்குக் கொடுத்தவர்கள். அவர்களை மகிழ்விக்க என்று போன மார்கழிக் கடைசியில் புதிதாகத் திறந்த மண்டபத்தில் பெரிய தொலைக்காட்சி, கரம் விளையாடும் பலகை நாலு, உடற்பயிற்சிப் பாய்கள், நாற்பது கதிரைகள். கதிரைகளோடு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட ஒருவரும் கிழிக்கவில்லை.

இல்லப் பொறுப்பாளர் உம்மு ராத்தா முதல் நாளே என் படத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கிக்கொண்டார். இல்லத்தில் யார் இருந்தாலும், யார் வேலைக்கு வந்தாலும் பக்கத்து அதிரடிப்படை முகாமுக்குப் பட்டியல் போகவேண்டும். அதில் ஒரு நிரல், வாழ்க்கைத் துணை இறந்த திகதி. இருபத்து மூன்று பேருக்கும் ஒரே திகதிதான். என் பெயருக்கு நேரே மட்டும் 'காணாமற் போனவர்' என்று எழுதச் சொன்னேன். ராத்தா என் முகத்தைப் பார்த்தார்.

“நாலு வருசமாச்சே புள்ள.”

“எழுதுங்க ராத்தா,” என்றேன். என் மாப்பிள்ளை லாபிர் கடல் வந்த அன்று காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர். அவருடைய மையித்தை, உடலை, நான் காணவில்லை. காணாத மையித்துக்கு ஆர் என்ன சொன்னாலும் நான் தலையாட்டுவதில்லை. ஊரெல்லாம் இறப்புச் சான்றிதழ் எடுத்தபோது எடுக்காதவர்கள் நானும் அவருடைய உம்மாவும்தான். இந்த விசயத்தில் எனக்குக் கெட்ட வாய் என்று பெயர். யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

படிவத்தில் முப்பத்துநாலு கேள்விகள். கொழும்பில் யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. 'பொது மண்டபச் செயற்பாடுகளில் உங்கள் திருப்தியின் அளவை ஒன்று முதல் ஐந்து வரை குறிப்பிடுக.' முதலில் அபூசாலி காக்காவிடம் போனேன். முப்பது வருடம் அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர்; கரையோரம் முழுக்க அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடும்.

“அஞ்செண்டா நல்லமா, கூடாதா?” என்று கேட்டார்.

“நல்லம் காக்கா.”

“அப்ப அஞ்சைப் போடு. முப்பத்துநாலுக்கும் அஞ்சைப் போடு. போட்டுட்டு வெயிலுக்கு முந்தி வீட்ட போ.”

இருபத்து மூன்று பேரும் அஞ்சுதான் போட்டார்கள். கால் வைக்காத மண்டபத்தில் நூற்றுக்கு நூறு திருப்தி. எனக்கு வந்த எரிச்சலில் படிவக் கட்டை உம்மு ராத்தாவின் அலுமாரிக்குள் எறிந்துவிட்டு, மட்டக்களப்புப் பயிற்சியில் சொல்லித்தந்த மற்ற வழியை எடுத்தேன். ஆட்களிடம் கேளாதே, ஆட்களைப் பார். கட்டடத்தின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக வரைந்து, அரை மணிக்கு ஒருதரம் யார் எங்கே இருக்கிறார் என்று புள்ளி வைப்பது. ஏழு நாள் வைத்தேன்.

அந்த ஏழு நாளும் நான் பென்சிலோடு திரும்பும் பக்கமெல்லாம் கதை நின்றது. திருக்கோவில் ஊர்ச் செல்லத்தங்கம் அம்மா என்னைக் கண்டால் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வார், கை நடுங்கும். வயது என்று நினைத்தேன். ஒருநாள் நான் களஞ்சிய அறைப் பக்கம் போனபோது இல்லத்து மூத்தவர் வேலப்போடியார் எழுந்து வழியில் நின்றுகொண்டு, அரை மணித்தியாலம் பெரும்போக வேளாண்மையைப் பற்றிக் கதைத்தார். வயதானவர்களுக்குப் பேச்சுத் துணை இல்லை, பாவம் என்று கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கும்.

ஏழாம் நாள், ஒரு திங்கட்கிழமை, வரைபடத்தை மேசையில் விரித்தேன். மண்டபம் வெள்ளையாகக் கிடந்தது. பின்பக்கத்தில், சமைக்கும் குசினிக்கு அப்பால் உள்ள களஞ்சிய அறை வாசலில் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. காலையில் இரண்டு பேர், மத்தியானம் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர்; ஆட்கள் மாறினாலும் இடம் ஒருபோதும் வெறுமையாகவில்லை. எனக்கு மனம் குளிர்ந்துபோனது. கண்டுபிடித்துவிட்டேன். இவர்களுக்கு அந்த மூலை பிடித்திருக்கிறது, காற்றுவாக்கான இடம். நாம்தான் மண்டபத்தைத் தப்பான இடத்தில் கட்டியிருக்கிறோம்.

உடனே அக்கரைப்பற்றில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். திட்ட அதிகாரி பூபாலசிங்கம் சேர் நல்ல மனுசர், கொஞ்சம் பயந்தவர். என்னைவிட அவர் சந்தோசப்பட்டார்.

“இது நல்ல முடிவு றம்லா. வியாழக்கிழமை காசு குடுக்கிற வெளிநாட்டு மேடம் வாறா. அந்தக் களஞ்சியத்தத் துறந்து, சாமானெல்லாம் வெளிய போட்டு, டீவிய அங்கயே வெப்பம். ஆக்கள் கூடுற இடம் புதுசா ஒண்டெண்டா முகாமுக்கும் சொல்லணும். முகாம் பொறுப்பதிகாரியையும் கூட்டிக்கொண்டு வாறன். படத்த எங்கட வாகனத்தில குடுத்து விடுங்க.”

அன்று பின்னேரமே கொடுத்துவிட்டேன். கீழே 'தயாரித்தவர்: றம்லா' என்று அழகாக எழுதியும் கொடுத்தேன்.

அடுத்த நாள் பத்து மணித் தேத்தண்ணி நேரம், எல்லோரும் இருக்கும்போது நல்ல செய்தியைச் சொன்னேன். இனி நீங்கள் மண்டபத்துக்குப் போகத் தேவையில்லை, மண்டபம் உங்களிடம் வரப்போகிறது, வியாழக்கிழமை களஞ்சியத்தைத் திறந்து வெளியாக்குகிறார்கள் என்றேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை. செல்லத்தங்கம் அம்மா நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார்.

வேலப்போடியார் கோப்பையை மெதுவாக வைத்தார். “மகள், அந்தப் படம் இப்ப எங்க?”

“அக்கரைப்பற்றுக்குப் போய்ட்டு, போடியார்.”

“முகாமுக்கும் சொல்லியாச்சா?”

“சேர் சொல்லியிருப்பார்.”

அவர் அபூசாலி காக்காவைப் பார்த்தார். காக்கா கண்ணை மூடித் தலையை அசைத்தார். “வாங்க மகள்,” என்றார் போடியார். “ஏழு நாளா நீங்க பாத்தத ஒருக்கா உள்ளுக்கு வந்தும் பாருங்க.”

களஞ்சியத்துக்குள் அரிசி மூடைகள், பெட்டி பிரிக்காத சக்கர நாற்காலிகள், பழைய மெத்தைகள். மெத்தைக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டை எழும்பினாள். பத்தொன்பது வயதிருக்கும். தலைமயிர் காதுக்கு மேலே கட்டையாக வெட்டியிருந்தது. கதவு திறந்தவுடன் அவள் நேராக, கைகள் இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கப் பழக்கியவர்கள் யார் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. அரிசி மூடையில் கையை ஊன்றினேன்.

செல்லத்தங்கம் அம்மாவின் கடைசி மகள், யதுசா. பதினாறு வயதில் திருக்கோவிலில் டியூசனுக்குப் போன வழியில் சண்டைக்கு ஆள் பிடித்த இயக்கம் கொண்டுபோனது. போன மார்கழி மழைக்குள் காட்டிலிருந்து தப்பி, நடந்தே வந்து, தாயைத் தேடி இந்த வாசலில் விழுந்திருக்கிறாள். விட்டு ஓடிவந்ததற்காக அவர்களும் தேடினார்கள். போயிருந்ததற்காக முகாமும் தேடியது. அந்த மாதங்களில் கரையோரத்தில் அப்படிப் பிடிபட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தாய்மாருக்கே தெரியாது.

வேலப்போடியார் காரைதீவுக்காரர். கடல் வருமுன் வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை ஆருக்கு எத்தனை மணித்தியாலம் என்று வயல்களுக்குப் பிரித்துவிடும் வேலை. அதில் ஒரு நிமிசம் பிழைத்தாலும் மண்வெட்டி தூக்கிவிடுவார்கள். அதே கணக்கில் இந்த வாசலையும் பிரித்திருந்தார். வாசலில் இரண்டு பேர், குசினிப் பக்கம் ஒருவர், கேற்றடியில் ஒருவர். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். ஆள் வந்து இருக்காமல் முதல் ஆள் எழும்பக் கூடாது. தொழுகை நேரத்தில் தமிழர், விளக்கு வைக்கும் நேரத்தில் முஸ்லிம்கள். மண்டபத்துக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை என்ற என் கேள்விக்கு விடை அதுதான். அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

“எனக்கு ஏன் சொல்லல்ல?” என்று நான் கத்திவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“நீ கையில கடதாசியோட வந்த புள்ள,” என்றார் அபூசாலி காக்கா. “கடதாசியோட வந்த ஆருக்கு நாங்க உண்மையச் சொன்ன?”

சேருக்கு எடுத்தேன். நான் பார்த்தது பிழை, மண்டபமே நல்லம் என்றேன். அவர் சிரித்தார். “புள்ளி பொய் சொல்லாது றம்லா. மேடம் படத்தப் பார்த்திட்டு நல்ல சந்தோசம். பொறுப்பதிகாரியும் வாறன் எண்டுட்டார்.” இரண்டு பக்கமும் யோசித்தோம். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் சோதனைச்சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி அட்டை பார்ப்பார்கள், யதுசாவிடம் அட்டை இல்லை. கடற்கரையில் காவல். கட்டிலில் கிழவியாகப் படுக்க வைக்கலாம் என்றால் இருபத்து மூன்று முகமும் படத்தோடு முகாமில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. என் பெயர் எழுதிய அந்தக் கடதாசி ஆருடைய மேசையிலோ விரிந்து கிடப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. பிடித்துக்கொண்டு போனால் அவளை மட்டுமா கொண்டுபோவார்கள் என்றும் யோசித்தேன். என்னையும் சேர்த்துத்தான் பயந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை குசினியில் கூடினோம். எல்லாம் கதைத்துக் கதைத்து ஓய்ந்தபின் அபூசாலி காக்கா தனக்குள் சொல்வது போலச் சொன்னார்.

“தொண்ணூறுல எங்கட ஊரச் சுத்தி வளைச்சு வீடு வீடாத் தேடினானுகள். எங்கட வீட்டுல என்ட கூடப்பிறந்த ராத்தா இத்தா இருந்தா. சப்பாத்தோட வந்தவன் அந்த அறை வாசல்ல நிண்டுட்டு, என்னெண்டு கேட்டுட்டு, திரும்பிட்டான்.”

தமிழர்களுக்கும் இத்தா தெரியும். இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. மாப்பிள்ளை மவுத்தானால், இறந்தால், பெண் நாலு மாதமும் பத்து நாளும் ஓர் அறைக்குள் இருப்பாள். வெள்ளை உடுப்பாள். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. ஊர்ப் பெரியவனும் அந்த வாசலைத் தாண்டமாட்டான்.

உம்மு ராத்தா பெண்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். எல்லோரும் நாலு வருடத்துக்கு முந்திய விதவைகள். திகதி முகாமில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் திகதி எழுதாத ஒரே ஒரு பெயர் எது என்று குசினிக்குள் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏசியிருப்பேன்.

முஸ்லிம்களின் திருமண விசயங்களைத் தீர்க்கும் காதியாரின் அலுமாரியில் என் பெயரில் ஒரு மனு இரண்டு வருடமாகக் கிடந்தது. என் கூடப்பிறந்த காக்கா போட்டது. காணாமற் போன லாபிரை மவுத்தானவராகத் தீர்க்கும்படி கேட்கும் மனு. பெரிய குழியில் அவரை வைத்ததைக் கண்டோம் என்று இரண்டு சாட்சிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரை நான் சந்தையில் வைத்து, சனம் பார்க்க, பொய்யன் என்று ஏசியிருக்கிறேன். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காதியார் தீர்த்தால், தீர்த்த நாளிலிருந்து இத்தா.

“ஏலா,” என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். “ஆரோ பெத்த பெட்டைக்காக என்ட மாப்பிள்ளய நான் ஏன் மவுத்தாக்கோணும்?” சைக்கிளை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்துவிட்டேன். பின்னால் செல்லத்தங்கம் அம்மா வந்தார். கெஞ்சப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டார்.

“மகள், உங்கட மனுசன உசிரோட வெச்சிருங்க. எனக்கு விளங்கும். இவளையும் செத்துட்டாள் எண்டுதான் எல்லாரும் சொன்ன. நான் மூணு வருசம் உசிரோட வெச்சிருந்த. வெச்சிருந்தபடியாத்தான் வந்தவள்.”

கெஞ்சியிருந்தால் நான் போயிருப்பேன். அந்தச் சொல் என்னை இரண்டாகக் கிழித்தது. அவர் சொன்னது உண்மையென்றால் லாபிரும் வரலாம். வருகிறவரை நான் இன்று கொல்லப்போகிறேன். சொன்னது உண்மையென்றால் வந்து சேர்ந்த ஒருத்தியை நாளைக் காலை என் கடதாசி கொல்லப்போகிறது. ஒழுங்கையில் சைக்கிளைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெயில் தலையில் ஏறியது.

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு காதியார் வீட்டுக்குப் போனேன். அவர் சாட்சிகளின் எழுத்தை இன்னொருதரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“எத்தின ஆள் அனுப்பிக் கேட்ட நாங்க. இப்ப என்ன புள்ள?”

“இனி ஏலாது,” என்றேன். அதில் பொய் இருக்கவில்லை.

கையெழுத்து வைத்தேன். அவர் தீர்ப்பை எழுதி, வாய்விட்டும் சொன்னார், இன்றிலிருந்து மவுத்தானவர். லாபிரின் உம்மாவான மாமி வீட்டில் வயதுக்கு வந்த மூன்று மச்சான்மார் இருக்கிறார்கள், அங்கே இத்தா இருக்க வசதியில்லை, முதியோர் இல்லத்தில் உம்மு ராத்தா அறை தருகிறார் என்றேன். அவரும் அது நல்லம் என்றார். வரும் வழியில் மாமியின் ஒழுங்கையைத் தாண்டித்தான் வரவேண்டும். சைக்கிளை மிதித்துத் தாண்டினேன். லாபிரின் உம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வாகனங்கள் வந்தன. நான் வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தேன். யதுசா சக்கர நாற்காலிப் பெட்டிகளுக்குப் பின்னால். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அவ்வளவு சத்தமாக மூச்சு விடாதே என்று சொல்ல வாய் திறந்தால் என் பல் அடித்துக்கொண்டது. சப்பாத்துச் சத்தம் குசினியைத் தாண்டி வாசலுக்கு வந்து நின்றது. சிங்களத்தில் ஒரு குரல், அதன் பின்னால் பூபாலசிங்கம் சேரின் குரல்.

“இதத்தான் துறக்கணும். ஏன் பூட்டியிருக்கு?”

உம்மு ராத்தா இத்தா விசயத்தைச் சொன்னார். கேட்டதும் சேர் அதிர்ந்துபோனார்.

“றம்லாவா? திங்கக்கிழமை என்னோட சிரிச்சுக் கதைச்ச புள்ளயெல்லோ?”

அந்த மனுசனின் வாயை யாராவது பொத்த மாட்டார்களா என்று இருந்தது. அவர் நல்லவர், நல்லவர்கள்தான் இப்படி ஆளைக் கொல்வார்கள். பிறகு கடதாசி விரிக்கும் சத்தம். காதியாரின் தீர்ப்பைச் சேர்தான் வாசித்து, பொறுப்பதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. லாபிரின் முழுப் பெயரையும், பிறந்த திகதியையும், அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தையும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். வாசிக்க வாசிக்கச் சேரின் குரல் தாழ்ந்தது. வெளிநாட்டுப் பெண் என்னவோ மெதுவாகச் சொன்னாள். நடக்கும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

பொறுப்பதிகாரி வேறு யாரையோ கூப்பிட்டார். கதவு ஒரு முழம் திறந்து, ஒரு பொலிஸ் பெண் உள்ளே வந்து கதவைப் பின்னால் சாத்தினாள். என் வயதுதான் இருக்கும். மூடைகளைப் பார்த்தாள், மெத்தைகளைப் பார்த்தாள். பிறகு பாய்க்குப் பக்கத்தில் பார்த்தாள். அங்கே தேத்தண்ணிக் கோப்பைகள் இருந்தன. இரண்டு.

நானும் அப்போதுதான் கண்டேன். வேலப்போடியாரின் முறைக் கணக்கு, காதியாரின் கையெழுத்து, எல்லாம் அந்த இரண்டாவது கோப்பையில் வந்து நின்றது.

“தனியா?” என்று கேட்டாள், உடைந்த தமிழில்.

ஓம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அழுவது போல நடிக்கலாம் என்று முகத்தைப் பொத்தினேன். பொத்தியதும் நெஞ்சுக்குள் இருந்து என்னவோ பிய்ந்துகொண்டு வந்தது. நாலு வருடம் நான் அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அழவில்லை. இப்போது சத்தம் போட்டு, மாடு கத்துவது போல அழுதேன். பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தவளை மறந்தேன். என்னை நிறுத்த எனக்கே முடியவில்லை.

அவள் குனிந்து என் தோளில் கை வைத்தாள். பிறகு வெளியே போய்ச் சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னாள். ஒருத்திதான் என்று. அவள் கண்டாளா, காணவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அந்தக் கதவை ஒருவரும் தட்டவில்லை. நானும் யதுசாவும் நாலு மாதமும் பத்து நாளும் அதற்குள் இருந்தோம். வைகாசியில் ஒருநாள் தெருவில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. யதுசா மெத்தைக்குக் கீழே போய்விட்டாள். சண்டை முடிந்ததாம் என்று உம்மு ராத்தா கதவிடுக்கால் சொன்ன பிறகும் இரண்டு நாள் அவள் வெளியே வரவில்லை. ஆனியில் கெடுபிடி குறைந்த ஒரு கிழமையில் அவளைத் தாயோடு அனுப்பினோம். உயிரோடு இருக்கிறாள். எங்கே என்று எழுதமாட்டேன்.

இத்தா இருக்கும் வாசலுக்குக் காவல் தேவையில்லை என்பதால் இருபத்து மூன்று பேருக்கும் திடீரென்று நேரம் கிடைத்தது. ஒவ்வொருவராக மண்டபத்துக்குப் போகத் தொடங்கினார்கள். கரம் அடித்தார்கள், சண்டையும் பிடித்தார்கள். முதியோர் பங்கேற்பு எழுபது சதவீதமாகக் கூடியிருப்பதாகவும், அது என் ஆய்வின் பலன் என்றும் அலுவலகம் அறிக்கை எழுதியது. பிரதி ஒன்றை எனக்கும் கதவிடுக்கால் தந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை பின்னேரத்தைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். வாகனங்கள் போய் மூன்று மணித்தியாலம் ஆகியிருக்காது, வாசலில் மாமியின் குரல் கேட்டது. ஊர் சொல்லியிருக்கிறது. மாமி பெண், இத்தா அறைக்குள் வரலாம். உம்மு ராத்தா வாசலில் குறுக்கே இருந்து, புள்ளைக்கு ஏலாமல் இருக்கு, நாளைக்குப் பாருங்க என்று மறித்தார். மாமி கதவில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“றம்லா, ஆர் சொன்ன மகள்? ஆரும் புதுசாக் கண்டு சொன்னவங்களா?”

யதுசா பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வசனம் போதும். மாமி, இது பொய், ஒரு பிள்ளைக்காகச் சொன்னது, உங்கட மகனை நாம் இன்னும் தேடலாம். அவ்வளவுதான். ஆனால் மாமிக்குச் சந்தோசம் வந்தால் வாயில் ஒன்றும் நிற்காது. குழாயடியில் நாலு பேருக்குச் சொல்லி முடித்தால்தான் அவருக்குத் தண்ணீர் இறங்கும்.

“சொல்லு மகள். வருவான், வருவான் எண்டு நீதானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த. நான் மனசு விட்ட நேரமெல்லாம் நீதானே ஏசின.”

“மவுத்துதான் மாமி,” என்றேன்.

கதவில் வைத்த கை வழுகிக் கீழே போகும் சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாரோ என்று பயந்து எழும்பினேன். உம்மு ராத்தா என்னவோ மெதுவாகச் சொன்னார். பிறகு மாமி கேட்டார், சின்னப் பிள்ளை அனுமதி கேட்பது போல.

“அப்ப நான் அவனுக்குக் கத்தம் ஓதலாமா? மவுத்தானவங்களுக்கு ஓதுறது ஒண்டையும் நாலு வருசமா ஓதல்ல.”

“ஓதுங்க மாமி,” என்றேன்.